மாவுச் சாக்குக் கைதிகள்

படத்தில் கைதிகளாக நடித்த ஏழு பேருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான். துணி வாங்க வசதியில்லை என்று ரொட்டிக் கடையில் கிடைத்த கோதுமை மாவுச் சாக்குகளைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பிரித்து, ஊறவைத்து, அடித்துத் துவைத்து, நீலச் சாயத்தில் முக்கி, கால்மிஷினில் தைத்தேன். சாக்கில் அச்சடித்திருந்த படமும் எழுத்தும் என்ன செய்தும் முழுசாகப் போகவில்லை. ஒரு கைதியின் முதுகில் அரை யானை நின்றது. இன்னொருவர் மார்பில் நான்கு சீன எழுத்து.

“தூரத்திலேருந்து எடுத்தா ஒண்ணும் தெரியாதுக்கா” என்றார் டைரக்டர்.

தெரிந்தது. பிற்பாடு கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அந்த யானைதான் முதலில் கண்ணில் பட்டது.

எழுபதுகளின் கடைசி அது. சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கோடியில் எங்கள் தோட்டம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. டைரக்டர் என்கிறேனே, அவர் ஈப்போவில் தையல் மிஷின் விற்றுக்கொண்டிருந்த தம்பி. எனக்கு மிஷின் விற்றவரும் அவர்தான். தோட்டம் தோட்டமாகப் போய் மிஷின் விற்பார், திருவிழாவில் நாடகம் போடுவார். எங்கிருந்தோ ஒரு பழைய கேமராவை வாடகைக்குப் பிடித்துவிட்டார். உடனே படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். ஆசை யாரை விட்டது.

கதை இதுதான். ஒரு தோட்டத்தில் கள்ளச் சம்சுச் சாராயம் காய்ச்சும் கூட்டம் ஒன்று இருக்கிறது. குடித்துச் சாகிறார்கள். போலீஸ், எங்கள் பேச்சில் மாத்தா, அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஜெயில் அதிகாரி ஏழு கைதிகளைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டத்தை ஒழித்தால் உங்களுக்கு விடுதலை என்கிறார். ஏழு பேரும் போய் அடிதடி செய்து, டிரம்மை எல்லாம் உடைத்து, பாதிப் பேர் செத்து, மீதிப் பேர் ஜெயிக்கிறார்கள். இவ்வளவுதான். கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்தில் சம்சு காய்ச்சுவது யார் என்பது கோழிக்குக்கூடத் தெரியும். பிடிப்பதற்கு ஏழு கைதிகள் எதற்கு?

காய்ச்சியவர் லோரிக்காரர். தோட்டத்து எல்லையில் சொந்த வீடு, இரண்டு லோரி, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. யாருக்காவது ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் அவர் லோரிதான். வாய் நிறைய ‘தங்கச்சி’ என்பார். அவருடைய சம்சுவைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். முச்சந்தியில் மாத்தா பிடித்தபோது இரண்டு டின் பின்னால் கட்டியிருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு என்னுடையது என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனார். அந்த ஒரு வருஷமும் லோரிக்காரர் மாதம் தவறாமல் எனக்கு ஒரு சாக்கு அரிசி அனுப்பினார். நான் அதைச் சமைத்துச் சாப்பிட்டேன். வாயில் போடும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொண்டுபோனதோடு நிற்கவில்லை, குடிக்கவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்தே சம்பள நாள் என்றால் நான் அரிசிப் பானைக்குள் காசை ஒளித்துவைப்பேன்.

விடுதலையான அன்று நான் அவரை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஓடைக்கரையில் ஒரு மரம், அதனடியில் சிவப்புத் துணி கட்டிய கல், நான்கு சூலம், தலைக்கு மேல் ஒரு தகரம். எங்கள் தோட்டத்துக்குக் காவல் அவர்தான். எரிகிற சூடத்தை என் வீட்டுக்காரர் உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். கை கொப்பளித்துவிட்டது. நான்தான் மருந்து போட்டேன்.

எட்டு மாதம் அந்த மனுஷன் தொடவில்லை. யார் சொன்னால் நம்புவார்கள்? நான் நம்பினேன், ஏனென்றால் நான் பார்த்தேன். சாயந்திரம் ஆனால் கை நடுங்கும். நடுக்கத்தை மறைக்க எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். எங்கள் இரண்டு பேருக்கு எவ்வளவு வெங்காயம் வேண்டும்? ஒரு கிண்ணம் நிறைய உரித்து வைத்துவிடுவார். நான் எல்லாவற்றையும் குழம்பில் போட்டேன். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டுக் குழம்பு இனித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் வெளியே யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போதுகூட கங்காணி தலையைத் தூக்காமல் கூப்பிடுவார். மலைமேட்டில் பால் வற்றிய கிழட்டு மரங்களை அவருக்கு ஒதுக்கினார்கள். அதனால் டைரக்டர் தம்பி வீடு தேடி வந்து, ஜெயிலைப் பார்த்தவர் ஒருத்தராவது படத்தில் இருக்க வேண்டும், நீங்கள் சும்மா நின்றாலே போதும் அண்ணே என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வேண்டாம் என்றார். நான்தான் போகச் சொன்னேன். போய் நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

போனார். முதல் நாளே டைரக்டரோடு வாக்குவாதம். கைதிச் சட்டையில் பட்டைக் கோடு வரையச் சொல்லியிருந்தார் டைரக்டர். ஜெயிலில் அப்படியெல்லாம் கிடையாது என்றார் இவர்.

“நெஜத்துல இல்லாட்டியும் பரவால்லண்ணே. கோடு இருந்தாத்தான் ஜனங்களுக்குக் கைதின்னு தெரியும்லா.”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் தூரத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்தது சம்சு காய்ச்சும் இடம். டைரக்டர் அட்டையில் ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். நம் ஆட்கள் பார்த்தார்கள். ஒருவர் டிரம்மை உருட்டி வந்தார். ஒருவர் கல் அடுக்கினார். ஒருவர் செப்புக் குழாயை எங்கிருந்தோ கொண்டுவந்து வளைத்தார். ஈரச் சாக்கைச் சுற்றினார்கள். அரை மணி நேரத்தில் அச்சு அசலாக ஒன்று எழும்பி நின்றது. எனக்குத் தெரியும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கை தானாக வேலை செய்தது. டிரம்மும் குழாயும் கொடுத்து உதவியவர், வேறு யார், லோரிக்காரர்தான். கெட்டுப்போன ஊறல் நாலு டிரம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், உடைக்கும்போது ஊற்றினால் நன்றாக இருக்கும் என்றார். சம்சுவை ஒழிக்கிற படத்துக்குச் சம்சுக்காரரே டிரம் கொடுக்கிறார். கேட்டால், ‘கலைக்கு உதவி’ என்பார்.

இதை எல்லாம் நிறுத்திய இடம் ஓடைக்கரை. முனியாண்டிக்கு இருபது அடி தள்ளி.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. ஆனால் எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் யார் காய்ச்சினாலும் முதல் போத்தல் முனியாண்டிக்கு. அவர் அனுமதி இல்லாமல் அடுப்பு எரியாது என்பார்கள். அப்படியிருக்க, அவர் கண் முன்னாலேயே கோடாலியால் உடைக்கப் போகிறார்கள், அதுவும் என் வீட்டுக்காரர் கையால். ஒரு வார்த்தை கேட்காமல் கை வைத்தால் சாமிக் குத்தம் ஆகிவிடாதா? ஜெயிலுக்குப் போய் வந்த மனுஷன். இன்னொரு கெடுதல் தாங்க மாட்டார்.

“தம்பி, சாமிக்குப் படைக்காம கோடாலிய எடுக்காதீங்க” என்றேன்.

டைரக்டருக்கு முகம் மலர்ந்தது. “அருமைக்கா. அதையே ஒரு சீனா எடுத்துருவோம். ஏழு பேரும் சாமி கும்பிட்டுட்டு சண்டைக்குப் போறாங்க.”

மறுநாள் மத்தியானம் படையல். வாழையிலையில் கோழிக் குழம்பு, அவித்த முட்டை, கருவாடு, சுருட்டு. கோழிக் குழம்பு நான் வைத்ததுதான். கிளாஸில் டைரக்டர் தண்ணீரை ஊற்றப் போனார். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற நாளில் புல் வெட்டுகிறவர் அவர், ஆனால் சூலத்துக்கு முன்னால் நின்றால் அவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

“ஜனங்கள ஏமாத்துங்க. சாமிய ஏமாத்தாதீங்க.”

லோரிக்காரர் ஒருத்தனைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஐந்து நிமிஷத்தில் போத்தல் வந்தது. நல்ல சம்சு. மூடியைத் திறந்ததும் காற்றில் அந்த வாசம் பரவியது. நான் சட்டென்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அரை யானைச் சட்டைக்காரருக்கு அடுத்து, நாலாவதாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரா ஓடத் தொடங்கியது. கேமராவைப் பார்க்கக் கூடாது என்று டைரக்டர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். பூசாரி சூடம் காட்டினார், சுருட்டைப் பற்றவைத்தார், சாம்பிராணிப் புகை கிளம்பியது. பிறகு படைத்த கிளாஸை எடுத்து முதல் ஆளிடம் நீட்டினார். எங்கள் வழக்கம் அது. முனியாண்டிக்கு வைத்ததை ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படி ஒருத்தர் சொல்லி நான் என் ஆயுசில் கேட்டதில்லை. படையல் என்று நான் சொன்னபோது இது எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குக் கோடாலிதான் கண்ணில் இருந்தது, கிளாஸ் இல்லை.

முதல் ஆள் குடித்தார். இரண்டாவது. மூன்றாவது. கிளாஸ் இவரிடம் வந்தது.

இவர் வாங்கவில்லை. கை கட்டியபடியே நின்றார்.

“வாங்கிக்கப்பா” என்றார் பூசாரி. “இது சம்சு இல்ல. சாமி பிரசாதம்.”

அவர் நிமிர்ந்தார். பூசாரியைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன், ஒருவர் கால்சட்டை கிழிந்துவிட்டது என்று ஊசியும் நூலும் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்தார். தோட்டமே சுற்றி நிற்கிறது. லோரிக்காரர் நிற்கிறார், கங்காணி நிற்கிறார். அவர் என்னை மட்டும் பார்த்தார்.

என்ன செய்யட்டும் என்று கேட்ட பார்வை அது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

நான் சரி என்று தலையசைத்தேன்.

ஏன் என்று எத்தனையோ வருஷம் என்னையே கேட்டுவிட்டேன். சாமிக்குப் பயந்தேன். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தேன். சத்தியம் வாங்கியவரே முனியாண்டிதானே, அவரே கொடுத்தால் அவருக்குத் தெரியாதா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. இவ்வளவும் ஒரு நொடியில். ஆனால் எல்லாம் சேர்ந்து தலையசைத்தது நான்தான்.

அவர் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். டைரக்டர் கட் சொன்னார். நான் கிழிந்த கால்சட்டையைத் தைக்கப் போனேன்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தார், குளித்தார், வெங்காயம் உரித்தார். நான் முனியாண்டிக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். மறுநாள் டிரம் உடைக்கும் காட்சி. கோடாலியைத் தூக்கி இவர் போட்ட போடு இருக்கிறதே, டைரக்டரே வாயைப் பிளந்துவிட்டார். ஊறல் பீய்ச்சியடித்து அவர் முகமெல்லாம் வழிந்தது. நாலு டிரம்மையும் அவரையே உடைக்கச் சொன்னார்கள். அந்தச் சட்டையை நான் ஒரு வாரம் துவைத்தேன். புளித்த வாடை போகவேயில்லை.

மூன்றாவது வாரம் அவர் வாயிலிருந்து அந்த வாசம் வந்தது. நான் கத்தினேன், சட்டியை எறிந்தேன், முனியாண்டியை இழுத்துப் பேசினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமே படவில்லை.

“சாமியே குடுத்தாரு. நீயும்தானே தலையாட்டுனே?”

அந்த ஒரு கேள்வியை அவர் விடவில்லை. பெரட்டுக்குப் போகாத நாளும் அதுதான், வேலையிலிருந்து பேர் வெட்டிய நாளும் அதுதான். நீயும்தானே தலையாட்டுனே. என்னைக் குத்திக்காட்டவென்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே அவருக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு தடவை நானும் அவர் பக்கம் நின்றேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்தேன். வெயில் முற்றத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“வெளக்கப் போடேன்” என்றார்.

முன்னால் போய் நின்றேன். என் திசையைப் பார்க்கிறார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதையோ கலந்து காய்ச்சியிருக்கிறார்கள். அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலும் ஒருவருக்குக் கண் போனது. இவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனது லோரிக்காரரின் லோரிதான். வேறு வண்டி இல்லை. வழி முழுக்க அவர் தலை என் மடியில் இருந்தது. இன்னும் விடியவில்லையா, விடியவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள் இல்லை.

காரியத்தன்று லோரிக்காரர் ஒரு சாக்கு அரிசியை இறக்கிவைத்தார்.

“அத ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே” என்றேன்.

“தங்கச்சி, மனச...”

“ஏத்துங்க.”

ஏற்றினார். அந்த மனுஷர் மேல் கேஸ் ஒன்றும் வரவில்லை. நான் தீர்த்துக்கொண்ட ஒரே பழி அந்த அரிசிச் சாக்கு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தோட்டத்தில் ரப்பர் மரத்தைத் தள்ளி எண்ணெய்ச் செம்பனை போடத் தொடங்கியதும் நான் ஜெலாப்பாங் பக்கம் குடிவந்து ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாள் முழுக்க ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று சொல்லும் வேலை. பாலைவிட்டு ஓடினாலும் பால் என்னை விடவில்லை. அங்கேதான் ஒரு நாள் டைரக்டர் தம்பி தேடி வந்தார். படம் எப்படியோ முடிந்துவிட்டது, சுங்கை சிப்புட்டில் பகல் காட்சி மட்டும் போடுகிறார்கள், அண்ணன் அதில் நன்றாக வந்திருக்கிறார், நீங்கள் பார்க்க வேண்டும் என்றார். பேசும்போது கண் கலங்கினார். நான் வரவில்லை என்றேன்.

கடைசி நாள் பஸ் ஏறிப் போனேன். ஏன் போனேன் என்றால், அவர் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. கல்யாணப் போட்டோ கறையான் அரித்துப் போயிருந்தது. அந்த முகம் எனக்கு மறக்கத் தொடங்கியிருந்தது.

கொட்டகையில் முப்பது பேர் இருந்திருப்போம். முதலில் நன்றி போட்டார்கள். லோரியும் டிரம்மும் தந்து உதவிய பெரியவருக்கு, பேர் போட்டு. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கைதிகள் வந்தார்கள், என் சாக்குச் சட்டையோடு. யானை வந்தது. நான்காவதாக அவர் வந்தார். மெலிந்து, தாடியோடு, நான் நினைத்துவைத்திருந்ததைவிட இளசாக இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தேன்.

படையல் காட்சி வந்தது. சாம்பிராணிப் புகை. இலையில் என் கோழிக் குழம்பு. கிளாஸ் ஒவ்வொரு கையாக மாறிவந்தது. எடுத்த ஃபிலிமை வெட்டி வீசத் தம்பிக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தார். அவர் வாங்காமல் நின்றது இருந்தது. பூசாரி பேசுவது இருந்தது, அதற்குச் சத்தம் இல்லை. பிறகு அவர் நிமிர்ந்தார்.

திரையில் அவர் யாரைப் பார்க்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் வலப்பக்கம் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். அவர் பார்வை நேராக அங்கேதான் வந்தது. தெளிவான கண். வெளிச்சம் தெரியும் கண்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நன்றாகத் தெரியும்படி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு தடவை.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கிளாஸை வாங்கிக் குடித்தார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.